இறந்த தொழிலாளியின் நுரையீரல் சாட்சி சொல்கிறது

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுரங்கத்தில் உழைத்தவர் இறந்துபோனால், குடும்பத்தாரின் சம்மதத்தின் பேரில், அவருடைய இருதயத்தையும் நுரையீரலையும் எடுத்து அங்கே அனுப்புகிறார்கள். டாக்டர்கள் அறுத்துப் பார்த்து, சுரங்க வேலையால் வந்த வியாதி அதில் இருக்கிறதா என்று எழுதி வைக்கிறார்கள். வியாதி இருந்தால் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு என்பது சட்டம்.

உயிரோடிருந்தபோது இந்தத் தொழிலாளியின் பேச்சுக்கு மதிப்பில்லை. "மூச்சு வாங்குகிறது ஐயா, மார்பு அடைக்கிறது ஐயா" என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. செத்த பிறகு அவருடைய நுரையீரல் பேசுகிறது. அது என்ன சொல்கிறது என்பதைப் பஞ்சாலைத் தொழிலாளர்களும் கூலி விவசாயிகளும் தெரிந்துகொள்வது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

1975-ம் வருஷம் முதல் சேர்ந்த இந்தப் பதிவுகளை ஒன்றுதிரட்டி, 2010-ல் விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அதன் கணக்கு இது: 1975-ல் பரிசோதிக்கப்பட்ட கறுப்பு இனத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களில் 100க்கு 3 பேருக்குத்தான் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் வியாதி இருந்தது. 2007-ல் 100க்கு 32 பேருக்கு இருந்தது!

சிலிகோசிஸ் என்றால் என்ன? தங்கம் மண்ணில் அள்ளிக் கிடப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் அது பூமிக்கு வெகு ஆழத்தில், கெட்டியான பாறைக்குள் கலந்து கிடக்கிறது. அந்தப் பாறையைத் துளைத்து, வெடிவைத்து, உடைத்து எடுக்க வேண்டும். உடைக்கும்போது சிலிகா என்னும் தூசி கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசி மூச்சோடு போய் நுரையீரலின் அடியில் தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் புண்ணாகித் தழும்பாகிறது. தழும்பு பரவப் பரவ, பஞ்சு போலிருந்த நுரையீரல் இறுகிப் போகிறது. இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்டு வெளியே வந்த பிறகும், உள்ளே போன தூசி தன் வேலையை விடுவதில்லை.

இந்த வியாதி நேற்று கண்டுபிடித்ததல்ல. 1911-லேயே தென்னாப்பிரிக்காவில் இதற்கென்று நஷ்டஈட்டுச் சட்டம் வந்துவிட்டது. 1930-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சிலிகோசிஸ் பற்றிய மாநாட்டை வேறெங்கும் கூட்டவில்லை. அதே ஜோகன்னஸ்பர்க் நகரத்தில்தான் கூட்டியது. தண்ணீர் பாய்ச்சித் துளைத்தால் தூசி அடங்கும், நல்ல காற்றோட்டம் வேண்டும், வெடிவைத்த உடனே ஆட்களை உள்ளே அனுப்பக் கூடாது - இவையெல்லாம் அன்றைக்கே தெரிந்த விஷயங்கள். அப்படியிருக்க, 3 எப்படி 32 ஆயிற்று?

காரணத்தைக் கவனியுங்கள். முந்திய காலத்தில் கறுப்பு இனத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தின் பேரில் பிடித்து வந்தார்கள். லெசோத்தோ, மொசாம்பிக், கிழக்குக் கேப் மாகாணம் முதலிய இடங்களின் கிராமங்களிலிருந்து அவர்கள் வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குப் போய்விட வேண்டும். குடும்பத்தை அழைத்து வர அனுமதியில்லை. பூட்டிய கொட்டடிகளில் வாசம். சிலிகோசிஸோ, தூசி உள்ளே போய்ப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் பெரும்பாலும் தலைகாட்டும். அதற்குள் அந்த மனிதர் தம்முடைய கிராமத்தில் மாடு மேய்த்துக் கொண்டிருப்பார். அங்கே எக்ஸ்ரே இல்லை, டாக்டர் இல்லை. இருமி இருமிச் செத்தால், ஊரார் புதைத்துவிட்டுப் போவார்கள். சுரங்கக் கம்பெனியின் கணக்கில் அந்தச் சாவு ஏறுவதேயில்லை.

1970-களுக்குப் பிறகு நிலைமை மாறிற்று. பழகிய ஆட்களையே திரும்பத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். ஒரே மனிதர் பதினைந்து, இருபது வருஷம் பாறைத் தூசியைச் சுவாசித்தார். வியாதி வெளிப்படும் வரையில் அவர் சுரங்கத்திலேயே இருந்தார். ஆகவே கணக்கிலும் தெரிய ஆரம்பித்தது. தூசி முன்பும் இருந்தது, இப்போதும் இருந்தது. முன்பு செத்தவர்கள் கண்ணுக்கு மறைவாகச் செத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை வெறும் யூகம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆராய்ச்சியாளர்கள் கிராமங்களைத் தேடிப் போனார்கள். கிழக்குக் கேப் மாகாணத்தில் லிபோடே என்ற வட்டாரத்தில், முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களைப் பொறுக்கி எடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். 1998-ல் முடிவு வெளிவந்தது. படத்தைப் பார்த்த ஒருவர் 100க்கு 22 பேருக்கு வியாதி என்றார். மற்றவர் 36 பேருக்கு என்றார். குறைந்த கணக்கையே எடுத்துக் கொண்டாலும் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல்! அவர்களில் பெரும்பாலோருக்கு உரிய நஷ்டஈடு கிடைத்திருக்கவில்லை. பிறகு லெசோத்தோவில், சுரங்க வேலையிலிருந்து நின்ற 624 பேரைப் பரிசோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். அங்கும் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு சிலிகோசிஸ்.

சிலிகோசிஸ் தனியாகவும் வருவதில்லை. காசநோய்க்குக் கதவைத் திறந்துவிட்டு வருகிறது. தழும்பேறிய நுரையீரலில் காசநோய்க் கிருமி சுலபமாகக் குடியேறுகிறது. அதோடு எய்ட்ஸ் கிருமியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இரண்டு அபாயங்களும் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகின்றன என்று இதே சுரங்கங்களில் நடந்த ஆராய்ச்சி காட்டியது.

இங்கேதான் மிகவும் முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. காசநோயை ஒழிப்பதற்காக, தங்கச் சுரங்கங்களில் 'திபேலா' என்ற பெயரில் பிரம்மாண்டமான பரிசோதனை ஒன்று நடந்தது. சுரங்கத் தொழிலாளர்களில் ஒரு பகுதியாருக்கு மொத்தமாகச் சோதனை நடத்தி, காசநோய் இல்லாதவர்களுக்கு அது வராமல் தடுக்கும் ஐசோனயாசிட் மாத்திரையை ஒன்பது மாதம் கொடுத்தார்கள். 27,000 பேருக்கு மேல் இதில் சேர்ந்தார்கள். 2014-ல் முடிவு வெளியாயிற்று. மாத்திரை சாப்பிட்ட வரையில் அது காப்பாற்றியது. அந்த மாதங்களில் காசநோய் பாதிக்கு மேல் குறைந்தது. மாத்திரை நின்றது, காப்பும் போயிற்று. சுரங்கம் முழுவதையும் எடுத்துப் பார்த்தால், மாத்திரை கொடுத்த இடத்துக்கும் கொடுக்காத இடத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அந்த டாக்டர்கள் மீது நமக்குக் குறையில்லை. நேர்மையாகச் சோதித்தார்கள், பலிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். விஞ்ஞானம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். மாத்திரை மோசம் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, அதே தூசிக்குள், அதே நெரிசலுக்குள், அதே கொட்டடிக்குள் திரும்பிப் போகிற மனிதனை எந்த மாத்திரை காப்பாற்றும்? கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக் கொண்டே இருந்தால் வீடு காயுமா?

தூசியை அடக்கப் பணம் செலவாகும். தண்ணீருக்குச் செலவு, காற்றோட்டத்துக்குச் செலவு, வெடிவைத்த பிறகு காத்திருந்தால் வேலை நேரம் நஷ்டம். தொழிலாளி செத்தால் என்ன செலவு? நிறவெறிச் சட்டம் அதற்கும் விலை போட்டு வைத்திருந்தது. ஒரே சுரங்கம், ஒரே வியாதி. வெள்ளைத் தொழிலாளிக்கு மாதா மாதம் பென்ஷன். கறுப்புத் தொழிலாளிக்குக் கையில் ஒரு சிறு தொகை, அதோடு சரி. 1993 வரையில் சட்டப் புத்தகத்திலேயே இந்த அநியாயம் இருந்தது. மனிதனுடைய நுரையீரல் தண்ணீர்க் குழாயைவிட மலிவாக இருக்கிற இடத்தில், முதலாளி எதை வாங்குவான் என்று சொல்லவும் வேண்டுமா?

தெம்பெகிலே மன்காயி என்ற தொழிலாளி 1979 முதல் 1995 வரை சுரங்கத்தில் உழைத்தார். நுரையீரல் கெட்டுப் போயிற்று. நஷ்டஈடு என்று அவருக்குக் கிடைத்தது 16,320 ராண்ட். "போதாது, கம்பெனிதான் பொறுப்பு" என்று வழக்குத் தொடர்ந்தார். நஷ்டஈட்டுச் சட்டம் இருப்பதால் கம்பெனி மீது வழக்குப் போட முடியாது என்று கீழ்க் கோர்ட்டுகள் கையை விரித்தன. அவர் விடவில்லை. 2011 மார்ச் 3-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் அரசியல் சட்டக் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: சுரங்கத் தொழிலாளி கம்பெனியின் மீது வழக்குத் தொடரலாம்! அந்தத் தீர்ப்பைக் கேட்க மன்காயி இல்லை. சில நாட்களுக்கு முன்புதான் அவர் காலமாகியிருந்தார்.

அவர் திறந்த வழியில் மற்றவர்கள் திரண்டு வந்தார்கள். 2016-ல், எல்லோரும் சேர்ந்து ஒரே வழக்காக நடத்தலாம் என்று ஜோகன்னஸ்பர்க் ஹைகோர்ட் அனுமதித்தது. 2018-ல் ஆறு பெரிய கம்பெனிகள் 500 கோடி ராண்ட் ஒதுக்கச் சம்மதித்தன. 2019-ல் கோர்ட் அதை ஏற்றது. 1965 மார்ச் 12-க்குப் பிறகு அந்தச் சுரங்கங்களில் உழைத்து, சிலிகோசிஸோ வேலையால் வந்த காசநோயோ கண்டவர்களும், இறந்தவர்களின் குடும்பத்தாரும் உரிமை கோரலாம். பணத்தைப் பட்டுவாடா செய்ய ட்ஷியாமிசோ டிரஸ்ட் என்ற அமைப்பு ஏற்பட்டது.

இந்த வெற்றிக்கு ஆதாரம் எது? கிராமத்தில் எடுத்த எக்ஸ்ரேயும், ஜோகன்னஸ்பர்க்கில் சேர்ந்த நுரையீரல் கணக்கும்தான். "எங்கள் சுரங்கத்தில் வியாதி குறைவு" என்று இனி எவரும் வாய் திறக்க முடியாதபடி ஆராய்ச்சி அடைத்துவிட்டது. ஆராய்ச்சி மட்டும் போதாது. அந்தக் கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட் வாசலில் நிற்கத் தொழிலாளியும் விதவையும் வேண்டியிருந்தது.

ஆனாலும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. பணம் கேட்டுப் போனால் ரிக்கார்டு கேட்கிறார்கள். எந்தச் சுரங்கம், எத்தனை வருஷம், எக்ஸ்ரே எங்கே, எந்த வியாதியால் செத்தார்? மலைக் கிராமத்தில் புருஷனைப் புதைத்த பெண் இதற்கெல்லாம் எங்கே போவாள்? ஆளை வேலைக்குப் பிடிக்கும்போது கிராமத்தின் கடைசி வீடு வரையில் வழி தெரிந்தது. பணம் கொடுக்கும்போது மட்டும் வழி தெரியவில்லையா?

தூரத்து நாட்டுக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. கோலார் தங்கவயலில் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே. 1940-களில் அங்கே நடந்த ஆராய்ச்சியில், பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். சுரங்கத்தை மூடலாம், சுவாசித்த தூசியை வெளியே எடுக்க முடியுமா? பஞ்சாலையில் பஞ்சுத் தூசி, கல் குவாரியில் கல் தூசி, வயலில் பூச்சிமருந்து - வேலைக்கு வேலை விஷம் வேறு, நுரையீரல் ஒன்றுதான்.

ஆகவே தோழர்களே, ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் தங்கள் உயிரைக் கொடுத்துக் கற்றுத் தந்த பாடத்தை நாம் இலவசமாகப் பெறுகிறோம். அதை வீணாக்கக் கூடாது. வேலை செய்த இடம், வருஷம், சம்பளச் சீட்டு, எக்ஸ்ரே - எதையும் எறிந்துவிடாதீர்கள். குழந்தையின் ஜாதகத்தைப் போலப் பத்திரப்படுத்துங்கள். இருமல் நீடித்தால் டாக்டரிடம் போய், "என்ன வேலை செய்கிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். அதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். வேலையிலிருந்து நின்றுபோனவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று சங்கத்தின் மூலம் கேளுங்கள். மருந்து கொடுத்தால் வாங்கிக் கொள்ளுங்கள். ஆனால் மருந்தோடு நிறுத்தாமல் தூசியை அடக்கு என்று கேளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் தொழிலாளி செத்த பிறகே அவன் நுரையீரல் சாட்சி சொல்ல முடிந்தது. நம்முடைய சாட்சியத்தை உயிரோடிருக்கும்போதே நாம் சொல்ல வேண்டும்.