நாய்க்கு மஞ்சள் காமாலை: கீழாநெல்லி கொடுக்கலாமா?

''எங்கள் நாட்டு நாய்க்கு இரண்டு வயது. தெருவில் நின்ற மழைத்தண்ணீர் வடிந்து பத்து நாளாகிறது. மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை, வாந்தி எடுக்கிறது. கண்ணும் ஈறும் மஞ்சளாக இருக்கின்றன. மாடித்தோட்டத்தில் கீழாநெல்லி இருக்கிறது. அரைத்து மோரில் கொடுக்கலாமா?''

- வாசகி, வியாசர்பாடி.

வேண்டாம். கடிதத்தைப் பார்த்த அன்றே இவரிடம் தொலைபேசியில் பேசி, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

நான் படித்தது வேளாண்மை, கால்நடை மருத்துவம் அல்ல. ஆனால் எலியோடு எனக்கு முப்பது வருஷப் பழக்கம். நெல் வயலில் இறங்குபவர்களுக்கு வரும் எலிக் காய்ச்சலும், இந்த நாய்க்கு வந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படும் நோயும் ஒன்றுதான். லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரில் வெளியேறும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும். கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்குகிற அளவுக்கு மழை பெய்தால், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்து வளைகளில் இருக்கும் எலிகள் எங்கே போகும்? வீட்டுப் பக்கம்தான். அந்தத் தண்ணீரை நாய் நக்கினாலோ, காலில் சிறு கீறல் இருந்தாலோ கிருமிக்குப் போதும்.

கிருமி ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். மஞ்சள் என்பது நோயல்ல, அடையாளம். உண்ணிக் காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். எது என்று ரத்தமும் சிறுநீரும் பார்த்துத்தான் சொல்ல முடியும். கீழாநெல்லி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கஷாயம் கொடுத்துக் காத்திருக்கிற இரண்டு நாளில் சிறுநீரகம் போய்விடும். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் மருந்தும் டிரிப்ஸும் கிடைத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாயின் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு அது விஷமே.

இந்த வாசகி கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் குழந்தை இருக்கிறது. நோயுற்ற நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் இது வரும். நாய் சிறுநீர் கழித்த இடத்தைக் கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவுங்கள். குழந்தையைத் தள்ளி வையுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், 'எங்கள் நாய்க்கு எலிக் காய்ச்சல் சந்தேகம்' என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண மழைக்காலக் காய்ச்சலாகத்தான் தெரியும். நாய் தெளிந்துவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. சிறுநீரகத்தில் தங்கிய கிருமி பிறகும் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

'ஊசி போட்டிருக்கிறோமே' என்பார்கள். பெரும்பாலும் அது வெறிநோய் ஊசியாக இருக்கும். அதுவும் அவசியம்தான், ஆனால் இதைத் தடுக்காது. கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முதல் முறை 3 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் ஆகஸ்ட், செப்டம்பரில் போட்டுவிடுவது நல்லது. எல்லா வகைக் கிருமிக்கும் அது காவல் இல்லை என்பதால் எலியையும் குறைக்கத்தான் வேண்டும்.

அது என் இலாகா. மாடித்தோட்டக்காரர்கள் சமையல் கழிவைத் திறந்த தொட்டியில் மக்கவைக்கிறார்கள். எலிக்கு அதைவிட விருந்து வேறில்லை. தொட்டியைக் கம்பி வலையால் மூடுங்கள். நாய்த் தட்டில் மீந்த சோற்றை ராத்திரி விட்டுவைக்காதீர்கள். வயல் வரப்பில் வைக்கும் ஜிங்க் பாஸ்பைடை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். செத்த எலியைத் தின்று நாயும் சாகும். எலிப்பொறி போதும், பிடிபட்டதை வெறுங்கையால் தொடாதீர்கள்.