மாஸ் நிறுவனம் நம்பிக்கையை மீட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மலேசியா ஏர்லைன்ஸ் (மாஸ்) மீது பயணிகளுக்கு இருந்த பற்று குறைந்து வருவதாகத் தங்கள் நாளிதழ் எழுதியது முற்றிலும் உண்மை. 2014-இல் எம்எச்370, எம்எச்17 விமானப் பேரிடர்களின்போது மக்கள் மாஸுக்குத் துணை நின்றார்கள். ஆனால் 2024 ஆகஸ்டில் விமானச் சேவைகள் குறைக்கப்பட்டதும், இயக்க அனுமதிச் சான்றிதழின் செல்லுபடிக் காலம் மூன்றாண்டிலிருந்து ஓராண்டாகச் சுருக்கப்பட்டதும் வேதனை தருகின்றன.

எங்கள் தாமானில் சென்னைப் பயணம் என்றாலே, வாலில் வாவ் பட்டம் வரைந்த மாஸ் விமானத்தைத்தான் பெரியவர்கள் கேட்பார்கள். இப்போது பிள்ளைகள் கைப்பேசியில் விலையை மட்டும் ஒப்பிட்டு டிக்கெட் எடுக்கிறார்கள்.

விளம்பரத்தால் நம்பிக்கை திரும்பாது. தாமதம், ரத்து விவரங்களை நிறுவனம் மாதந்தோறும் வெளியிட வேண்டும். ஐந்து மணி நேரம் தாமதமானால் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்ற விதியைப் பயணிகளுக்குத் தமிழிலும் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், செலாயாங்