கல்லோடு பக்குவத்தையும் விற்போம்

வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைத் தேடி வாடிக்கையாளர்கள் மீண்டும் நம் கடைகளுக்கு வருகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் பத்தே நாளில் "துருப்பிடித்துவிட்டது, மாற்றித் தாருங்கள்" என்று திரும்பி வருவோரும் உண்டு. குறை கல்லில் இல்லை. பக்குவம் சொல்லாமல் விற்ற நம்மிடமே என்பது எமது கருத்து.

கடலும் உப்பளங்களும் சூழ்ந்த தூத்துக்குடியில் வீசுவது உப்புக்காற்று. கோவை வார்ப்படச் சாலைகளிலிருந்து வரும் சரக்கு, எண்ணெய் பூசாவிட்டால் நம் கிட்டங்கியிலேயே துரு ஏறும். அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்து, "பழக்கிய கல்" என்று விற்பது வணிக தர்மமாகாது.

சிக்கனக் குடும்பத்துக்குப் பெரிய கம்பெனிப் பெயர் தேவையில்லை. தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அடி ஆடாமல் உட்கார வேண்டும். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவிக் காய்ச்ச வேண்டும். இதை நாலைந்து முறை செய்தால் கல் பழகும். புளிக்குழம்பு அதில் தங்கக்கூடாது. சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். துருப்பிடித்தாலும் தேய்த்தெடுத்து மறுபடி பழக்கலாம். புதிது வாங்க வேண்டியதில்லை.

இதைத் துண்டுச்சீட்டாக அச்சிட்டுப் பில்லோடு கொடுப்போம். ஆயுளுக்கும் உழைத்தால் மறுவிற்பனை ஏது என்று சிலர் கேட்கலாம். தோசை நன்றாக வந்த வீட்டார்தான் பணியாரக் கல்லுக்கும் நம்மைத் தேடி வருவார்கள்.