துறைகடந்த புலமை

பள்ளிகளிலும் அரசு விழாக்களிலும் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து, தமிழாசிரியர் ஒருவர் இயற்றியதன்று. அதனை இயற்றிய பேராசிரியர் பெ. சுந்தரனார், திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் மெய்யியல் கற்பித்தவர். 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் என்னும் அவருடைய நாடகநூலில் அப்பாடல் இடம்பெற்றுள்ளது. வேணாட்டு அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு ஆராய்ந்தவரும் அவரே. திருஞானசம்பந்தரின் காலத்தையும் அவர் ஆய்ந்து எழுதினார். மெய்யியல், நாடகம், வரலாறு என மூன்று துறைகளில் ஒருவரே இயங்கினார். இன்று கல்லூரி ஆசிரியர் ஒருவர் இவ்வாறு இயங்கினால், ‘இது அவருடைய பாடம் அன்றே’ என்னும் வினா எழாதிருக்குமா?

‘அகல உழுவதை ஆழ உழு’ என்பது பழமொழி. இதனைச் சுட்டி, ஆசிரியர் தம் துறைக்குள் நிற்பதே முறை என்பாரும் உளர். அவர்தம் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு துறையையேனும் முறையாகக் கல்லாமல் பல துறைகளில் கால்வைப்பவரின் எழுத்து, வெறும் செய்தித் திரட்டாகவே முடியும். ஆயினும் பழமொழி கடிவது ஆழமின்மையை மட்டுமே. அயல்வயலில் ஏர் பூட்டுவதை அன்று. அங்கும் ஆழ உழுதவர்கள் பலர்.

புனே பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்த டி. டி. கோசாம்பி அவர்களுள் ஒருவர். பண்டைய இந்தியாவின் முத்திரை பொறித்த வெள்ளி நாணயங்களில் ஆண்டுக்குறிப்பு இல்லை. எது முந்தியது, எது பிந்தியது எனக் கண்டறிவது வரலாற்றறிஞர்க்கு அரிதாயிருந்தது. அவ்விடத்தில் கோசாம்பி கணிதத்தைத் துணைக்கழைத்தார். கைமாறக் கைமாற நாணயம் தேயும். அதன் எடை குறையும். எல்லா நாணயங்களும் ஒரே அளவில் தேய்வதில்லையாதலால், அவற்றின் எடை வேறுபாடும் நாளடைவில் மிகும். தட்சசீலத்தில் கிடைத்த புதையல் நாணயங்களின் எடையைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, அவற்றின் காலவரிசையைக் கணிக்க அவர் முயன்றார். தம் கருத்தைச் சோதிக்கும்பொருட்டு, தம் காலத்தில் புழங்கிய நாணயங்களையும் தராசில் இட்டுப் பார்த்தார். நாணயத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பர்த்ருஹரியின் வடமொழிச் செய்யுள்களைச் சுவடிகளோடு ஒப்பிட்டு 1948இல் பதிப்பித்தார். 1956இல் இந்திய வரலாற்று ஆய்வுக்கான அறிமுகநூல் ஒன்றை வெளியிட்டார்.

கணிதத்திலிருந்து வரலாற்றுக்குச் சென்றவர் கோசாம்பி எனின், அறிவியலிலிருந்து இசைத்தமிழுக்கு வந்தவர் விபுலாநந்த அடிகள். இலங்கையின் காரைதீவில் 1892இல் பிறந்த அவர் அறிவியல் பட்டம் பெற்றவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்பேற்றார். பழந்தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து, இலக்கியத்தில் பெயராக மட்டுமே எஞ்சியிருந்த காலம் அது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் இசைக் குறிப்புகளை அவர் நுணுகி ஆராய்ந்தார். நரம்பின் நீளத்துக்கும் அது எழுப்பும் ஒலிக்கும் இடையிலான விகிதங்களைக் கணக்கிட்டார். பல்லாண்டு உழைப்பின் பயனாக, 1947இல் யாழ்நூல் வெளிவந்தது. தமிழ்ப்புலமை மட்டும் உடையவர்க்கு அக்கணக்குகள் எட்டியிரா. அறிவியல் மட்டும் கற்றவர்க்கு அக்காதையின் சொற்கள் பொருள் தந்திரா. இரண்டும் ஒருவரிடம் கூடியதனாலேயே அந்நூல் பிறந்தது.

இவர்களின் முயற்சியில் இரண்டு பண்புகள் விளங்குகின்றன. அயல்துறைக்குச் சென்றபோது, இவர்கள் தம் துறையில் பெற்ற பயிற்சியைக் கருவியாகக் கொண்டு சென்றனர். அங்குச் சென்றபின், அத்துறையின் ஒழுங்குக்கும் தம்மை உட்படுத்திக்கொண்டனர். கோசாம்பி சுவடிகளைப் பொறுமையுடன் ஒப்பிட்டார். அடிகள் உரைகளையும் இலக்கணத்தையும் பழுதறக் கற்றார். கருவியின்றிச் செல்பவர் விருந்தினராய்த் திரும்புவர். ஒழுங்கை மதியாது செல்பவர் பிழைகளை விதைப்பர். இவ்விரண்டும் கைவரப்பெற்றவரே புதிய விளைச்சலைக் காண்பர்.

இத்தகைய ஆசிரியரால் வகுப்பறையும் வளம் பெறும். புள்ளியியலைப் பாடநூலின் கணக்காக மட்டும் அறிந்த மாணவர், தேய்ந்த நாணயம் ஒன்றின் வரலாற்றை அது கூறக்கூடும் எனக் கேட்கும்போது, அக்கணக்கின் பயனை உணர்வார். தாம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசும் ஆசிரியரிடம், கற்றல் ஓயாத ஒன்று என்னும் உண்மையையும் காண்பார். ஆகவே, பிற துறையில் ஆசிரியர் செய்யும் ஆய்வையும் படைப்பையும் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் கல்லூரிகளுக்கு அழகன்று. நேரமும் நூலக வசதியும் தந்து, அப்பணியின் தரத்தை அத்துறை அறிஞரைக்கொண்டு மதிப்பிடுதலே தக்கது.

அறிவியல், கணக்குப்பதிவியல், வரலாறு என ஏதேனும் ஒரு பிரிவைத் தேர்ந்தே மாணவர் மேல்நிலை வகுப்புக்குள் நுழைகின்றனர். கற்பித்தலுக்கும் தேர்வுக்கும் அப்பிரிவுகள் தேவையே. எனினும், அவை வயலின் வரப்புகள். கோட்டையின் மதில்கள் அல்ல. வரப்பு, வயலைப் பிரிப்பதோடு நடந்து செல்லும் வழியாகவும் அமைகிறது. தம் வயலை ஆழ உழுத பின்னர், அவ்வழியே அடுத்த வயலுக்கும் செல்லத் துணிவோரால் அறிவுலகம் செழிக்கும்.