பிடியாது சேர்த்தல்

இளமைப் பருவத்தே தோன்றும் அவாக்களுள், பொருள்களைத் தேடிச் சேர்க்கும் அவா மிகப் பழையது. சிப்பியும் சோழியும், தபால் தலையும் தீப்பெட்டிப் படமும், பொன்வண்டும் மின்மினியும் சேர்த்து வையாத சிறுவரைக் காண்டல் அரிது. இவ்வவா இக்காலத்தே கைப்பேசியிலும் திரையிலும் ஒரு புதிய வடிவு கொண்டு உலவுகின்றது. விந்தை உயிர்களைத் தேடிப் பிடித்து, பழக்கி, வளர்த்து, ஒன்றோடொன்று பொரவிடும் வீடியோ விளையாட்டுக்களையே ஈண்டுக் குறிக்கின்றோம். அவற்றுள் தலையாயது போக்கிமான் என்பது. நம் கல்லூரி விடுதியில் இதனை ஆடுவோரும் உளர். ஆடுவோரைக் கண்டு முகஞ்சுளிப்போரும் உளர். இவ்விரு சாராரும் ஒரு பெரிய செய்தியைக் காணாது விடுகின்றனர் என்பது எமது கருத்து. அதனை எமக்கு உணர்த்தியது கட்டுமாவடிக் கடற்கரை.

முதற்கண் இவ்விளையாட்டின் பிறப்பு வரலாற்றைக் கூறுவோம். ஜப்பான் நாட்டிலே, தோக்கியோ மாநகரை அடுத்த மச்சிதா என்னும் ஊரில் வளர்ந்தவர் சதோஷி தஜிரி. 1965ஆம் ஆண்டு பிறந்தவர். வயலும் குளமும் மரச்செறிவும் சுற்றிப் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதே இளமையில் அவர்தம் பெருவிருப்பம். நகரம் பெருகப் பெருக வயல்கள் மறைந்து கட்டடங்கள் எழுந்தன, பூச்சிகளும் அகன்றன. தாம் துய்த்த இன்பத்தைப் பின்வந்த சிறுவர் இழந்தமை கண்ட அவர், அதனைத் திரையிலேனும் மீட்டளிக்க எண்ணினார். ஏறக்குறைய ஆறாண்டு உழைப்பின் பின், 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்கு, சிவப்பு, பச்சை என இரு பதிப்புக்களாக அவ்விளையாட்டு வெளிவந்தது. அன்று அதன்கண் இருந்த உயிர்கள் 151. இன்று ஆயிரத்துக்கு மேல். வயலை இழந்த ஒருவர் வயலின் நினைவாகச் செய்தது இது என்பதை, இதனை இகழ்வோர் உணர்தல் வேண்டும்.

அதன் அமைப்பிலும் நயம் உண்டு. ஆடுவோன் மூன்று உயிர்களுள் ஒன்றைத் துணையாகத் தெரிந்துகொண்டு ஊரூராய்ச் செல்கின்றான். எதிர்ப்படும் உயிரைப் பொருது தளர்வித்து ஒரு சிறு பந்தினுள் அடக்குகின்றான். உடனே அதன் பெயரும் இயல்பும் வாழிடமும் ஒரு பதிவேட்டில் ஏறுகின்றன. சில உயிர்கள் சிவப்புப் பதிப்பில் மட்டுமே உள; சில பச்சையில் மட்டுமே உள. ஆதலின் தனியொருவன் எத்துணை முயலினும் அப்பதிவேட்டை நிறைத்தல் இயலாது. மற்றொருவன் கருவியோடு தன் கருவியைக் கம்பியால் இணைத்து, கொண்டும் கொடுத்தும் நிறைத்தல் வேண்டும். தோழமையின்றி முற்றுப்பெறாத விளையாட்டைத் தீயது என்று முழுதும் தள்ளுதல் நேர்மையாகாது.

இவ்வினத்தில் போக்கிமான் ஒன்றே உளது என்று கருதற்க. அதற்கு முன்னரே, 1987இல், பேய்களோடு உரையாடி அவற்றைத் துணையாக்கிக் கொள்ளும் மெகாமி டென்செய் தோன்றிற்று. 1992இல் வந்த டிராகன் குவெஸ்ட் ஐந்தாம் பகுதியில், தோற்ற பூதங்கள் சில வென்றவன் பக்கமே சேர்ந்து விடும். 1997இல் வந்த மான்ஸ்டர் ராஞ்சரில், வீட்டிலுள்ள இசைத்தட்டைக் கருவியில் இட்டால் அதிலிருந்து ஒரு புதுவுயிர் பிறக்கும். 2023இல் இங்கிலாந்தில் உருவாகிய கேசட் பீஸ்ட்ஸில், விலங்கின் வடிவை ஒலிநாடாவிற் பதிந்து, ஆடுவோனே அவ்விலங்காக மாறுவான். 2024இல் வந்த பால்வேர்ல்டோ, பிடித்த உயிர்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்குகின்றது, துப்பாக்கியும் ஏந்துகின்றது. முதல் மூன்றிலும் கேசட் பீஸ்ட்ஸிலும் கற்பனையின் செழுமை உண்டு. இறுதியதில் உயிர் என்பது கூலியின்றி உழைக்கும் கருவியாகவே எமக்குத் தோன்றிற்று. அதனை யாம் விரும்பவில்லை.

நிற்க. சென்ற விடுமுறையில் யாம் நண்பர் நால்வர் கட்டுமாவடி சென்றிருந்தோம். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடகோடியில், தஞ்சை மாவட்ட எல்லையை அடுத்து, பாக் விரிகுடாவின் ஆழமற்ற கடலை நோக்கிக் கிடக்கும் மீனவர் ஊர் அது. காலை வேளையில், இழுத்து வைத்த படகின் நிழலில் முதியவர் ஒருவர் வலையில் சிக்கிய மீன்களைக் கழற்றிக் கொண்டிருந்தார். அருகே அவர்தம் பேரன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், கைப்பேசியில் போக்கிமான் ஆடிக்கொண்டிருந்தான். யாம் விலங்கியல் பயில்வோர் என்று அறிந்ததும் அவன் ஒரு மீனை எடுத்துக் காட்டி, "அண்ணா, இது என்ன மீன், சொல்லுங்கள்" என்றான். எம்முள் ஒருவரும் வாய் திறந்திலேம். புட்டியில் மிதக்கும் மீனையும் அதன் இலத்தீன் பெயரையும் தேர்வுக்கு மனனம் செய்த எமக்கு, வலையில் கிடந்த மீன் அயலாய் இருந்தது. "ஓரா, அண்ணா! முள்ளைத் தொட்டுவிடாதீர்கள், குத்தினால் கடுக்கும்" என்று அவன் நகைத்தான்.

எம் நாணத்தை மறைக்கும் பொருட்டு யாம் அவன் கைப்பேசியைப் பார்த்தோம். அதில் ட்யூகாங் என்னும் வெண்ணிற உயிர் ஒன்று தோன்றிற்று. கடற்பசுவின் ஆங்கிலப் பெயரைத் தழுவி இதற்குப் பெயரிட்டுள்ளனர் என்று முதியவரிடம் கூறினோம். அவர் உற்று நோக்கிவிட்டு, "தம்பி, ஆவுளியாவுக்குக் கொம்பு ஏது? இது பனிக்கட்டியில் அல்லவா கிடக்கிறது! ஆவுளியா நம் கடலில் புல் மேயும். மேய்ந்த தடம் தரையில் வரியாய்த் தெரியும். மூச்சு வாங்க மேலே வரும், கன்றுக்குப் பால் கொடுக்கும்" என்றார். பின்னர் வலையைப் பார்த்தவாறே, "எனக்குத் தெரிந்ததில் பாதி என் மகனுக்குத் தெரியாது, இவனுக்குத் தெரிந்தது அதிலும் பாதி" என்றார். பேரன் சினவாது விடை கூறினான்: "இதில் ஒன்றைக் கண்டால் பதிவேட்டில் ஏறிவிடும், தாத்தா. நீங்கள் சொல்வது எதில் ஏறுகிறது?"

அவ்வினா எம்மைச் சுட்டது. அக்கடலின் பதிவேட்டை எழுதியிருக்க வேண்டியவர் அம்முதியவர் அல்லர், எழுத்தறிந்த யாமே.

இக்குறை எமக்கு மட்டும் உரியதன்று. 2002ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் சிலர், பிரிட்டனில் 109 பள்ளிச் சிறுவர்க்கு உயிர்களின் படங்களையும் போக்கிமான் படங்களையும் காட்டிப் பெயர் வினவி, முடிவைச் சயன்ஸ் என்னும் இதழில் வெளியிட்டனர். எட்டு வயதுச் சிறுவர் போக்கிமான்களுள் நூற்றுக்கு 78ஐ இனங்கண்டனர். தம் நாட்டு உயிர்களுள் நூற்றுக்கு 53ஐயே கண்டனர். சிறுவர்க்கு நினைவாற்றல் குறைவு என்று இனி யாரும் கூறற்க. எதற்குப் பெயரும் கதையும் கொடுத்துக் காட்டுகின்றோமோ, அதனை அவர்கள் கற்கின்றனர். காட்டாது விட்டது பெரியோர் பிழையேயாம்.

இனி, திரையுலகின் உயிர்கள் நம் கடலுயிர்களினும் விந்தையுடையனவோ எனின், அல்ல. அவ்விளையாட்டில் ப்யூகுமூகு என்னும் உயிர் தன் குடலை வெளியே நீட்டும். அது கடல் அட்டையைக் கண்டு செய்தது. கடல் அட்டையோ அச்சுற்றபோது தன் உள்ளுறுப்பை மெய்யாகவே வெளியே உமிழ்வது. ஹார்ஸீ என்பது கடற்குதிரையின் சாயல். மெய்யான கடற்குதிரையிலோ ஆணே கருவைப் பையிற் சுமந்து குஞ்சு பொரிக்கின்றது. பேத்தை மீன் நீரை விழுங்கிப் பந்துபோல் உப்புதலை எந்தக் கலைஞன் கற்பனையால் வெல்வான்?

ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. திரையில் எத்துணைப் பேர் எத்துணை முறை பிடிப்பினும் உயிர் குன்றாது. புல்வெளியிற் காலெடுத்து வைத்ததும் மீண்டும் தோன்றும். கடலின் இயல்பு அதுவன்று. கடல் அட்டையும் கடற்குதிரையும் அயல்நாட்டு விலைக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டமையால், 2001ஆம் ஆண்டு அவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. ஆவுளியா ஓர் ஈற்றில் ஒரு கன்றே ஈனும். அடுத்த ஈற்றுக்குப் பல்லாண்டு செல்லும். அதன் பொருட்டு 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் காப்பகம் அதுவே. கட்டுமாவடிக் கடலும் அதனைச் சார்ந்தது. வலையிற் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவித்து அரசின் பரிசு பெற்ற மீனவர் இக்கரையில் உளர். பிடித்ததை விட்டுவிடுதலும் வெற்றியாகும் என்பதைத் திரையில் பயின்றவர் அல்லர் அவர்.

ஆகவே யாம் கூறுவது இது: சேர்க்கும் அவாவை அழிக்க வேண்டா, அதனைப் பிடித்தலினின்றும் அறிதலுக்குத் திருப்புக. அதற்குத் துணையான ஆட்டங்களும் உள. 1999இல் வந்த போக்கிமான் ஸ்னாப் என்பதில் உயிரைப் பிடிப்பதில்லை. அது உண்பதும் உறங்குவதும் பொறுமையோடு நோக்கி நிழற்படம் எடுப்பதே ஆட்டம். 2021இல் அதன் புதுப் பகுதியும் வந்தது. இவ்வினத்தில் ஒன்றை ஆடிப் பார்க்க விரும்புவோர்க்கு யாம் முதற்கண் காட்டுவது அதனையே. அதனினும் ஒருபடி மேலானது, 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் சிலர் தம் படிப்பின் பகுதியாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட். கண்ட உயிரைக் கைப்பேசியிற் படம் பிடித்து இட்டால், உலகெங்கும் உள்ள அறிஞரும் ஆர்வலரும் அதனை இனங்காணத் துணை செய்வர். மெய்யான பதிவேடு அங்கே நிறைகின்றது. ஓர் உயிரும் குறைவதில்லை.

நம்மனோர்க்கு முன்மாதிரியும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலிருந்த மிஷனரி ஜான் என்பார் இக்கரையின் மீன்களைத் திரட்டிப் பெர்லினிலிருந்த பிளாக் என்னும் அறிஞர்க்கு அனுப்பினார். கத்தாளை மீனின் ஒரு பேரினம் ஜானியஸ் என்று இன்றும் அவர் பெயர் தாங்குகின்றது. 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட பிரான்சிஸ் டே, அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் குறித்துச் சென்றார். கடல் கடந்து வந்தோர் கேட்டு எழுதிய பெயர்களை, பேருந்தில் சென்று சேரத்தக்க தொலைவில் வாழும் நாம் கேளாதிருத்தல் தகுமோ?

தோழர்காள்! விடுமுறையில் இரு நாளைக் கட்டுமாவடிக்கு ஒதுக்குமின். போக்கிமான் ஆடுவோர் தம் கைப்பேசியுடனே வருக. அதிற் படம் எடுக்கலாம். தமிழ்ப் பிரிவினர் பெயர்களை முதியோர் சொல்லியவாறே எழுதுக. விலங்கியற் பிரிவினர் இனங்காண்க. ஒருவர் பதிவேடு மற்றொருவரின்றி நிறையாது என்பதை அவ்விளையாட்டே கற்பித்துள்ளதன்றோ? அடுத்த ஆண்டு மலரில் அப்பட்டியல் வெளிவருமாயின், அதன் முதற்படியை அச்சிறுவன் கையிற் கொடுப்போம். தாத்தா சொல்வது எதில் ஏறுகிறது என்று கேட்டவனுக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம்.