கால் சில்லிட்டால் காத்திருக்கலாகாது

தாம்பரம் என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது நுரையீரல் வியாதிதான். டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கிலாந்தில் காசநோய் வைத்தியத்தில் பெயர் பெற்றபின் தாய்நாடு திரும்பி, 1928-ல் இங்கே சானடோரியம் நிறுவினார். 1937-ல் அது சர்க்கார் வசமாயிற்று. பக்கத்து ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அதே மார்பிலிருந்து புறப்படும் பெருந்தமனியைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை.

இருதயத்திலிருந்து கிளம்பும் இப்பெரிய ரத்தக்குழாய் முதுகெலும்பை ஒட்டி இறங்கி, தொப்புளுக்கு நேரே இரண்டாகப் பிரிந்து, காலுக்கொன்றாகப் போகிறது. அந்தச் சந்தியில் ரத்தக்கட்டி ஒன்று வந்து அடைத்துக்கொண்டால் இரு கால்களும் ஒருங்கே பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

கட்டி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இருதயத்திலிருந்தே. பால்யத்தில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுக்காய்ச்சல் சிலருக்கு இருதய வால்வைக் குறுக்கிவிடுகிறது. வருஷங்கள் சென்றபின் மேலறை வீங்கி, தாளம் தப்பித் துடிக்கிறது. அங்கே தேங்கும் ரத்தம் உறைகிறது. நம் நாட்டு ஏழைக் குடும்பங்களில் இந்தக் காய்ச்சல் இன்னும் ஒழிந்தபாடில்லை.

கட்டி வந்து அடைத்ததும் திடீரென்று பொறுக்க முடியாத வலி, கால்கள் வெளுத்துச் சில்லிடும், பிறகு மரத்துப்போகும், விரலை அசைக்கவும் முடியாது. இதை 'வாயு' என்று எண்ணி எண்ணெய் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் நம் வழக்கம். பாட்டி வைத்தியத்தை நாம் இகழ்கிறவர்கள் அல்லர். எனினும் இங்கே அது தீங்கு. மரத்த தோல் எளிதில் வெந்துபோகும். சூடேறிய தசையோ இல்லாத ரத்தத்தை இன்னும் அதிகமாகக் கேட்கும். நரம்பு வலியில் கால் இப்படிச் சில்லிடுவதில்லை. வைத்தியர் முதலில் தொட்டுப் பார்ப்பது தொடையிடுக்கிலும் புறங்காலிலும் உள்ள நாடியைத்தான். அது அடங்கியிருந்தால், ஸ்கேன் படம் அடைப்பின் இடத்தைக் காட்டிவிடும்.

சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்ப ஓடவேண்டும். தாம்பரத்திலிருந்து சென்னை அரசு பொது மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர், ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலை நேயர்கள் அறிவார்கள். 'விடியட்டும், பார்க்கலாம்' என்றால் காலுக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

சிகிச்சையின் கதை ரசமானது. முன்பெல்லாம் பல சமயங்களில் வயிற்றையே திறக்க வேண்டியிருந்தது. அமெரிக்கரான தாமஸ் ஃபோகார்ட்டி, ரப்பர் கையுறையின் விரல்நுனியை ஒரு மெல்லிய குழாயில், தூண்டிற்காரர் முடிச்சுப் போட்டுக் கட்டினார். 1963-ல் அவரது முறை வெளியாயிற்று. தொடையிடுக்கில் சிறிது கீறி, குழாயைக் கட்டிக்கு அப்பால் செலுத்தி, பலூனை ஊதி இழுத்தால் கட்டி கூடவே வந்துவிடும்! ஹெப்பாரின் ஊசி மேலும் உறையாமல் காக்கும்.

மெதுவாக அடைபடுவதும் உண்டு. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கே இது அதிகம். ரயில் நிலைய மேம்பாலம் ஏறுகையில் இடுப்பும் தொடையும் வலித்து, நின்றால் தணியும். இத்தகையோரும் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

கட்டி எடுத்தபின் பலர் வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை நெடுநாள் விழுங்க வேண்டும். 1948-ல் எலி மருந்தாக வெளிவந்த சரக்கு அது! அளவு மிஞ்சினால் ரத்தம் கசியும். குறைந்தால் மறுபடி உறையும். ஆகவே ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. கீரை அம்மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அதற்காகக் கீரையையே விலக்க வேண்டாம். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சமைத்தால் போதும்.