புனேயில் ஒட்டிய மூக்கு

காவஸ்ஜி என்ற மராட்டிய வண்டிக்காரர் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். 1792-ல் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டுத்தான் அவரை அனுப்பினார்கள். ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் வாழ்ந்தவருக்குப் புனேக்கு அருகில், செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார்.

அவர் செய்த விதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மெழுகை மெல்லிய தகடாக்கி, அறுபட்ட இடத்தில் பொருத்தி, மூக்கின் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார். பிறகு அந்த மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடு போடுகிறார். கோட்டுக்குள் இருக்கும் தோலை மட்டும் பிரித்தெடுத்து, இரு கண்களுக்கும் நடுவில் ஒரு சிறு இணைப்பை விட்டுவைக்கிறார். அதன் வழியே இரத்தம் ஓடிக்கொண்டிருப்பதால் தோல் சாகாது. அப்படியே திருப்பிக் கீழே இறக்கி மூக்கின் இடத்தில் பொருத்துகிறார். மேலே கட்டுப்போட என்ன மருந்து? வெற்றிலையோடு நம் பாட்டிமார் மெல்லும் அதே காசுக்கட்டி. தண்ணீரில் குழைத்துத் துணிப்பட்டைகளில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு பட்டைகள்.

இந்த அறுவையை நேரில் பார்த்திருந்த பம்பாய் மாகாண மருத்துவர்கள் தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே இருவரின் பெயரோடு, 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் காவஸ்ஜியின் படமும் செய்முறையும் வெளிவந்தன. அதைப் பின்பற்றிய ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் முதலில் பிணங்களில் பழகிப் பார்த்தார். 1814-ல் உயிருள்ள ஒருவருக்குச் செய்தார். 1816-ல் நூலாக எழுதினார். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவிய அந்த முறைக்கு இன்றும் 'இந்திய முறை' என்றுதான் பெயர். இதழில் சூளைக்காரரின் பெயர் மட்டும் இல்லை.

ஒரு கைத்திறன் இரண்டு கண்டங்களைக் கடந்ததற்குக் காரணம், அதைச் செய்தவர் அருகில் நின்று பார்க்க விட்டதுதான். ஏழை நாடுகளுக்குத் தொண்டாகப் போய் அறுவை செய்யும் மருத்துவர்களைப் பற்றி யோசிக்கும்போது என் மனம் திரும்பத் திரும்ப இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. அவர்களில் ஒருவர், நான் வாழும் இந்தப் புனேக்கு மிகவும் வேண்டப்பட்டவர்.

மகாராஷ்டிரத்தில் பிறந்து அமெரிக்கா போய், பிளாஸ்டிக் சர்ஜனாக இருந்தவர் சரத்குமார் தீட்சித். 1968-ல் 'இந்தியா புராஜெக்ட்' என்ற பெயரில் இங்கே வந்து இலவச அறுவை முகாம்கள் நடத்தத் தொடங்கினார். 1978-ல் நடந்த கார் விபத்து அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தது. குரல்வளைப் புற்றுநோய் இயல்பான குரலைப் பறித்தது. மாரடைப்பும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஆண்டுதோறும் விமானமேறி வந்து, மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றி, ஒரே நாளில் டஜன் கணக்கானவர்களுக்கு அறுவை செய்தார். உதட்டுப் பிளவு, இமைத் தொய்வு, மாறுகண், முகத் தழும்பு என வந்ததையெல்லாம் பார்த்தார். மொத்த எண்ணிக்கை அறுபதாயிரத்தைத் தாண்டும் என்கிறார்கள். 2001-ல் பத்மஸ்ரீ. 2011 நவம்பரில் காலமானார்.

புனேயில் அவருடைய முகாம்களுக்குத் தோள் கொடுத்தது பாரதிய ஜெயின் சங்கடனா. 1993 லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பிறகு சுமார் 1,200 குழந்தைகளைப் புனேக்கு அழைத்துவந்து படிக்கவைத்த சாந்திலால் முத்தா தொடங்கிய அமைப்பு அது. தீட்சித் போன பின்னும் அவரோடு பழகிய அமெரிக்க மருத்துவர்கள் வந்து புனே முகாமைத் தொடர்ந்தார்கள். ஒரு மனிதரோடு முடிந்திருக்க வேண்டியது முடியவில்லை. அவர் செய்த அறுவைகளின் எண்ணிக்கையைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட முகாம்களின் பதிவு வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. மராட்டியில் 'ஷிபிர்' என்பார்கள். செய்தித்தாளில் நாலு வரி வந்தால் போதும், பீட், நாந்தேட் பக்கமிருந்தெல்லாம் இரவு பஸ் ஏறி வந்துவிடுவார்கள். புடவைத் தலைப்பால் குழந்தையின் வாயை மூடியபடியே நிற்கும் தாய்மார்கள். இருபது வயதாகியும் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்காத பெண்கள். முதலில் எடை பார்ப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள். சளி இருந்தால், எடை குறைந்திருந்தால், இரத்தச் சோகை இருந்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள். சரியான முடிவுதான், குழந்தையின் உயிர் முக்கியம். ஆனால் கடன் வாங்கி பஸ் ஏறி வந்த தாயிடம் 'அடுத்த வருஷம் வாங்க' என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது கொடுமை.

எடை ஏன் குறைகிறது? அண்ணத்தில் பிளவு இருந்தால் குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது, குடித்ததும் மூக்கு வழியே வந்துவிடும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினால் எடை ஏறும். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த அந்தப் பாலாடையைத்தான் இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் பயன்படுத்துகிறார்கள். பிறந்த மறுநாளே யாராவது இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தக் குழந்தை வரிசையிலிருந்து திரும்பியிருக்காது. பறந்து வரும் சர்ஜன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த மறுநாளில் அவர் அங்கே இருக்க முடியாது.

புனேக்கு அருகே தேஹு ரோடில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் அம்மா. பேரனுக்கு உதடு பிளந்திருந்தது. "கிரகணத்தன்னிக்கு அருவாமணையைத் தொடாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" என்று மருமகளைக் காட்டிச் சொன்னார். அந்தப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "அம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. உங்க மருமக மேல ஒரு தப்பும் கிடையாது" என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. இதே பேச்சை மராட்டி வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். கர்ப்பத்தின் ஏழாவது வாரத்துக்குள் உதடு உருவாகி முடிந்துவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பல பெண்கள் உணர்வதே அந்தச் சமயத்தில்தான். மரபணு, ஃபோலிக் அமிலக் குறைவு, வலிப்புக்குத் தரும் சில மருந்துகள், புகை என்று காரணங்கள் பல. சுமார் 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. நம் ஊரில் கிரகணம் தெரியாத ஆண்டிலும் பிறக்கிறது. பழியைச் சுமக்கிற அந்த மருமகளுக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை தேவை. அதற்கு அவள் மொழியில் பேசுகிற, அடுத்த மாதமும் அதே ஊரில் இருக்கிற ஒருவர் வேண்டும்.

தையல் போட்டதோடு வேலை முடிவதில்லை. உதட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், அண்ணத்துக்கு ஒன்றரை வயதுக்குள் அறுவை. அதன்பின் பேச்சுப் பயிற்சி, காதில் நீர் கோக்கிறதா என்று சோதனை, பல் வரிசை சீரமைப்பு, எட்டுப் பத்து வயதில் ஈறு எலும்புக்கு ஒட்டு, வளர்ந்தபின் சிலருக்கு மூக்குத் திருத்தம். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுக் கணக்கு இது. அண்ணத்தை அடைத்துவிட்டுப் பேச்சுப் பயிற்சி தராமல் விட்டால், முகம் சரியாகியும் பிள்ளை மூக்கால்தான் பேசும், வகுப்பில் வாயைத் திறக்காது. தைத்த இடத்தில் மறுபடி ஓட்டை விழுந்தால் யாரிடம் போவது? முகாம் போட்ட பள்ளிக்கூடத்தில் அப்போது பாடம் நடந்துகொண்டிருக்கும்.

தொண்டு செய்யப் போனவர்களே இதை உணர்ந்து வழியை மாற்றிக்கொண்டார்கள் என்பது அந்த உலகத்தின் நேர்மைக்குச் சான்று. 1969-ல் ஸ்டான்ஃபோர்டு சர்ஜன் டொனால்டு லாப், மருத்துவர்களை ஏழை நாடுகளுக்கு அனுப்பும் 'இன்டர்பிளாஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார். 1982-ல் பிலிப்பைன்ஸ் போன பில் மெகீ தம்பதியரால் வந்த கூட்டத்தில் சிறு பங்குக்குத்தான் அறுவை செய்ய முடிந்தது. திரும்பிப் போனவர்களின் முகம் தந்த உறுத்தலில் பிறந்ததுதான் 'ஆபரேஷன் ஸ்மைல்'. 1999-ல் வந்த 'ஸ்மைல் டிரெயின்' வேறு வழியில் போனது: அயல்நாட்டு மருத்துவரை அனுப்பும் பணத்தை உள்ளூர் மருத்துவருக்குப் பயிற்சியாகவும் சிகிச்சைச் செலவாகவும் கொடு. 2009-ல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், அதில் வரும் சிறுமிக்கு அறுவை செய்தவர் அயல்நாட்டவர் அல்ல, வாரணாசிக்காரரான சுபோத் குமார் சிங்.

இதற்கெல்லாம் வெகு முன்பே வேலூர் வழிகாட்டிவிட்டது. 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். உலகம் அவரைக் கொண்டாடுவது அதற்காக. நான் அவரைக் கொண்டாடுவது மேரி வர்கீஸுக்காக. 1954 ஜனவரியில் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் மருத்துவர் அவர். இனி என்ன இருக்கிறது என்றிருந்தவரிடம், கைகளுக்கான அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று சொல்லிக் கற்றுக்கொடுத்தார் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தையே கட்டியெழுப்பினார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். பிராண்ட் 1960-களில் அமெரிக்கா போனார். வேலூரில் வேலை நிற்கவில்லை. திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனைக்கு 1959 வாக்கில் வந்த பார்சி மருத்துவர் எச்.எஸ். அடன்வாலா இன்னொரு வகை. மும்பையை விட்டு வந்தவர் அங்கேயே தங்கி, பிளவுச் சிகிச்சை மையத்துக்குத் தன் ஆசிரியர் சார்லஸ் பின்டோவின் பெயரை வைத்து, 2020-ல் இறக்கும்வரை அந்தக் குழந்தைகளோடு இருந்தார்.

பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்று 2015-ல் லான்செட் குழு சொன்னது. இன்று இந்திய சர்ஜன்களும் ரோட்டரி போன்ற அமைப்புகள் வழியாக ஆப்பிரிக்காவுக்குத் தொண்டுப் பயணம் போகிறார்கள். போகட்டும், பெருமைப்படுகிறேன். அங்கே ஒருவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நாற்பது அறுவைகளையும் தானே வேகமாக முடித்துத் திரும்புகிறார். இன்னொருவர் இருபதுதான் முடிக்கிறார், ஆனால் அதில் பாதியை உள்ளூர் இளம் மருத்துவரின் கையில் கத்தியைக் கொடுத்துப் பக்கத்தில் நின்று செய்யவைக்கிறார். மயக்க மருந்து கொடுப்பவருக்கும் செவிலியருக்கும் தான் அறிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறார். அந்த வாரம் இருபது பேர் ஏமாந்து திரும்புவார்கள் என்பது உண்மை. அந்த வலியை நான் சிறிதாக நினைக்கவில்லை. இருந்தும் இரண்டாமவர் பக்கம்தான் நான். அடுத்த வாரமும் அடுத்த வருடமும் அந்த ஊரில் அறுவை நடக்கும்.

புனேயிலோ மதுரையிலோ இதைப் படிக்கிற சர்ஜன்களிடம் ஒரு வேண்டுகோள். தொண்டுக்கு அழைப்பு வந்தால் முதலில் இரண்டைக் கேளுங்கள்: என்னோடு நிற்கப்போகும் உள்ளூர் மருத்துவர் யார்? நான் கிளம்பியபின் தையலைப் பார்க்கப்போவது யார்? பதில் கிடைத்தபின் டிக்கெட் எடுங்கள்.

மருத்துவரல்லாத நாமும் ஒன்று செய்யலாம். உதடோ அண்ணமோ பிளந்த குழந்தை உங்கள் தெருவில், உங்கள் உறவில், உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் குடும்பத்தில் இருந்தால், முகாம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். 2013 முதல் மத்திய அரசின் குழந்தைகள் நலத்திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை இந்தச் சிகிச்சை இலவசம். மகாராஷ்டிரத்தில் ஆஷா பணியாளரிடமோ அங்கன்வாடியிலோ, தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டால், மாவட்டத்தில் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். குழந்தை பிறந்த முதல் மூன்று மாதங்களுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அதுவரை குழந்தையை நிமிர்த்தி வைத்துப் பாலாடையில் பால் கொடுக்கச் சொல்லுங்கள்.